வெள்ளைக் கல்லும் பழுப்புப் பவளமும்

என் சித்தி மகன் ஒருத்தன் சார்ஜாவில் இருக்கிறான். ஏசி மெக்கானிக். ஊரில் இருந்தவரை கோவில்பட்டி சந்தையில் கலர் மீன் வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு வளர்த்தவன், அங்கே போய் சம்பளம் கொஞ்சம் கூடினதும் கடல் தொட்டி வைத்துவிட்டான். உப்புத்தண்ணி, நீல லைட், உள்ளே உயிரோடு பவளம். எனக்கு வாட்ஸ்அப்பில் தினமும் போட்டோ வரும். முதலில் வந்த படத்தில் அந்தப் பவளம் நல்ல பச்சை, நுனியில் ஊதா. மூணு வாரம் கழித்து அனுப்பினான், அதே கொம்பு, மண் கலரில் பழுப்பாகக் கிடந்தது. "கடைக்காரன் சாயம் போட்டு ஏமாத்திட்டாண்ணே"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். வைகாசியில் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவன் ரூமில் ஏசி நின்றுபோய், தொட்டித் தண்ணி 32 டிகிரிக்குப் போய்விட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பழுப்பும் இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

"வெளுத்துப் போச்சுண்ணே. செத்துருச்சா? தூக்கிப் போட்டுறவா?"

எனக்கு மீன்தொட்டி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் இருந்து 60 கிலோமீட்டரில் தூத்துக்குடிக் கடல். அங்கே இருக்கிற பவளப்பாறைகளைப் பற்றி ரெண்டு வருஷமாகக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். "தூக்கிப் போடாத. ரெண்டு நாள் பொறு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு குறிப்பு நோட்டை எடுத்தேன். அந்த ரெண்டு நாளில் சேர்த்து வைத்ததுதான் இந்தக் கட்டுரை. அவனுக்கு என்ன சொன்னேன் என்பது கடைசியில்.

பவளம் என்றால் சிவப்பா?

தமிழில் பவளம் என்ற சொல்லே ஒரு நிறம். பவள வாய், பவள மல்லியின் காம்பு, கழுத்தில் போடுகிற பவள மாலை, எல்லாம் சிவப்பு. நவரத்தினத்தில் செவ்வாய்க்கு உரியது. ஆனால் மன்னார் வளைகுடாவில் இருக்கிற பவளப்பாறையில் போய்த் தேடினால் அந்த மாலைப் பவளம் கிடைக்காது. அது மத்திய தரைக்கடல் சரக்கு.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிபுளூஸ்' என்ற கிரேக்க மாலுமிக் கையேடு, முசிறிப் பக்கம் இறக்குமதியாகும் சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. அதே நூல் கொற்கையின் முத்துக்குளிப்பையும் சொல்கிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, நம்மூர் முத்துக்கு ரோமில் என்ன மதிப்போ அதே மதிப்பு அவர்கள் ஊர்ப் பவளத்துக்கு இந்தியாவில் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கையைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் முத்தெடுத்து விற்று, அதே வளைகுடாவில் பாறை பாறையாகப் பவளம் கிடக்கும்போது, சிவப்புப் பவளத்தை வேறு கடலில் இருந்து வாங்கியிருக்கிறோம்.

இதற்குக் காரணம் நிறம்தான். மத்திய தரைக்கடலின் சிவப்புப் பவளத்தில் நிறம் அதன் எலும்பிலேயே ஊறியிருக்கிறது. உயிர் செத்து, சதை போய், நூறு வருஷம் மாலையில் கிடந்தாலும் சிவப்பு போகாது. நம் பக்கத்துப் பாறைப் பவளத்தின் எலும்பு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நிறம் எல்லாம் மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சதையில். உயிர் போனால் நிறமும் போகும். ஆகவே நம் கடற்கரை மக்கள் இதற்குப் பவளம் என்று பேர் வைக்கவே இல்லை போலிருக்கிறது. கடலடித் திட்டுக்குப் 'பார்' என்பார்கள். தீவுகளின் பெயர்களிலேயே இருக்கிறது: ஆனைப்பார், காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி, புழுவினிச்சல்லி. இலங்கைத் தமிழர் 'முருகைக்கல்' என்கிறார்கள். எல்லாமே கல்லைக் குறிக்கிற பேர்கள். உயிரைக் குறிக்கிற பேர் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் கிடக்கும். மேலெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி. ஆச்சி அதை வைத்துத்தான் குதிகால் வெடிப்பைத் தேய்ப்பாள். கரிசல் காட்டில் நடந்து நடந்து வெடித்த பாதம், வேறு எதற்கும் மசியாது. 'கடல்கல்' என்போம். ஒவ்வொரு நட்சத்திரக் குழியும் ஒரு உயிர் உட்கார்ந்திருந்த இடம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தக் கல்லும் இடிபாட்டோடு அஸ்திவாரக் குழிக்குள் போய்விட்டது.

கண்ணாடிக் குடுவைக்குள் பூத்த பூ

பவளம் கல்லா, செடியா, விலங்கா என்ற குழப்பம் ஐரோப்பாவிலும் வெகுநாள் இருந்தது. 1706 வாக்கில் மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு, அப்போதுதான் எடுத்த சிவப்புப் பவளக் கிளையைக் கடல் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். கிளை முழுக்க எட்டு இதழோடு வெள்ளை வெள்ளையாக விரிந்தன. பூ பூத்துவிட்டது, ஆக இது செடி என்று முடிவு கட்டினார்.

அவருக்குப் பிறகு வந்தவர் பெய்சொன்னெல். பிரான்ஸின் மார்சேய் நகரத்து மருத்துவர். 1720களில் அவரும் பவளத்தைத் தண்ணீருக்குள் உயிரோடு வைத்து, பொறுமையாகப் பார்த்தார். தொட்டால் இந்தப் 'பூ' சுருங்குகிறது. சும்மா விட்டால் விரிகிறது. செத்தால் மீன் அழுகின நாற்றம் அடிக்கிறது. இது செடி இல்லை, சின்னச் சின்ன விலங்குகளின் கூட்டம் என்றார். பாரிஸ் அறிவியல் கழகத்துப் பெரியவர்கள் நம்பவில்லை. அவர் சொன்னது சரி என்று ஏற்றுக்கொள்ள இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

நான் இந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பவளத்தைக் காயவைத்துப் பார்த்தவர்களுக்குக் கல் தெரிந்தது. தண்ணீருக்குள் உயிரோடு வைத்துப் பார்த்தவருக்குத்தான் விலங்கு தெரிந்தது. பவளத்தின் வரலாறு முழுக்க இந்த ரெண்டு பார்வைக்கும் நடந்த இழுபறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறம் யாருடையது?

அடுத்த திருப்பம் 1881. கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர், சில கடல் விலங்குகளின் உடலுக்குள் இருக்கிற மஞ்சள் பழுப்பு உருண்டைகள் அந்த விலங்கின் பாகமே இல்லை, உள்ளே குடியிருக்கிற தனிப் பாசிகள் என்று காட்டினார். ஸூசாந்தெல்லா என்று பேர் வைத்தார். விலங்குக்குள் வாழும் மஞ்சள் உயிர் என்று பொருள்.

பாறைப் பவளத்தின் சதைக்குள்ளும் இதே கதைதான். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் பத்து லட்சம், அதற்கும் மேல் பாசிகள். நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு பெருநகரத்தின் ஜனத்தொகை. பகலில் வெயிலை வைத்து இவை சர்க்கரை தயாரிக்கின்றன. அதில் பெரும்பங்கு வீட்டுக்காரப் பவளத்துக்கு. பவளத்தின் சக்தித் தேவையில் 90 சதவீதம் வரை இந்தக் குடித்தனக்காரர்கள் கொடுக்கிற வாடகைதான். பதிலுக்குப் பவளம் தன் கழிவை உரமாகக் கொடுக்கிறது, இருக்க இடம் கொடுக்கிறது.

ஆக, பவளத்தின் உடம்பை ஒரு கண்ணாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் வெள்ளைத் தரை, அது எலும்பு. மேலே கண்ணாடிக் கூரை, அது சதை, நிறமே இல்லாதது. நடுவில் பழுப்புக் குடித்தனக்காரர்கள். வெளியே நின்று பார்க்கிற நமக்குத் தெரிகிற பழுப்பு குடித்தனக்காரருடையது. அவர்கள் வீட்டைக் காலி செய்தால் கூரை வழியாக வெள்ளைத் தரை தெரியும். அதுதான் வெளுப்பு.

1928-29ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மாரிஸ் யோங். லோ ஐல்ஸ் என்ற சின்னத் தீவில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கி வேலை பார்த்தார்கள். யோங்கும் நிக்கல்ஸ் என்பவரும் பவளங்களைத் தொட்டியில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள். சூடு ஏறினால் பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது என்று எழுதினார்கள். இன்றைக்கு உலகமே பேசுகிற விஷயத்தின் ஆரம்பப் பதிவுகளில் ஒன்று. என் தம்பியின் தொட்டியில் ஏசி நின்றுபோய் நடந்ததும் அதே பரிசோதனைதான், அவன் தெரியாமல் செய்துவிட்டான்.

பழுப்பு சரி. பச்சையும் ஊதாவும் எங்கிருந்து வருகிறது? இது பவளத்தின் சொந்தச் சொத்து. 1940களில் பலாவ் தீவில் ஜப்பானியர் நடத்திய ஆய்வு நிலையத்தில் கவாகுட்டி என்பவர், பவளச் சதைக்குள் பச்சையாக ஒளிரும் ஒரு நிறமி இருப்பதைக் கவனித்து எழுதினார். அது ஒரு புரதம் என்று தெளிவாக இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அந்தக் கதையில் வீட்டு மீன்தொட்டி வருகிறது.

ஜெல்லிமீன் ஒன்றில் பச்சை ஒளிர் புரதத்தை ஷிமோமுரா 1962லேயே பிரித்தெடுத்திருந்தார். தானாக வெளிச்சம் விடுகிற உயிர்களில்தான் இப்படிப்பட்ட புரதம் இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்கோவில் லுக்யானோவின் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை பார்த்த லபாஸ் என்ற முதிய விலங்கியலாளர் அப்படி நினைக்கவில்லை. வெளிச்சம் விடாத பவள இனங்களிலும் இருக்கலாமே என்றார். கடலே இல்லாத மாஸ்கோவில் பவளத்துக்கு எங்கே போவது? வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் போனார்கள். காளான் பவளம் என்று தொட்டிக்காரர்கள் சொல்லும் டிஸ்கோசோமாவில் இருந்து சிவப்பு ஒளிர் புரதம் கிடைத்தது. மாட்ஸ் முதலானோர் எழுதிய கட்டுரை 1999ல் வெளிவந்தது. இன்றைக்கு உயிரணுவுக்குள் நடப்பதை நிறம் காட்டிப் பார்க்கிற ஆய்வகங்களில் அந்தச் சிவப்பின் வழிவந்த புரதங்கள் இருக்கின்றன. ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்துக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நிறப் புரதங்கள் பவளத்துக்கு எதற்கு? ஒரு முக்கியமான வேலை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிற மாதிரி. வெளிச்சம் அதிகமானால், குறிப்பாக நீல வெளிச்சம், பவளம் இவற்றைக் கூடுதலாகத் தயாரித்து உள்ளே இருக்கும் பாசிகளுக்கு நிழல் தருகிறது. கடையில் பளீரென்ற நீல லைட்டுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாக இருந்த கொம்பு, தம்பியின் தொட்டியில் வெளிச்சம் குறைந்து, மீனுக்குப் போட்ட தீனியால் தண்ணியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினதும், நிழல் தேவைப்படாமல் புரதத்தைக் குறைத்துக்கொண்டது. உள்ளே பாசி பெருகியது. பழுப்பானது. கடைக்காரன் சாயம் எதுவும் போடவில்லை.

வெள்ளையை மட்டும் பார்த்தவர்கள்

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் (ஜாதிகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினாரே, அவரேதான்) 1880களின் கடைசியில் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் வந்து கடல் உயிர்களைச் சேகரித்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும் கடல் விலங்குகள் பற்றியும் அவர் எழுதிய குறிப்புகள் 1890ல் வெளிவந்தன. சென்னை மெரினாவில் 1909ல் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலைக்கும் அவர் முயற்சிதான் தொடக்கம். ஆனால் பவளத்தைப் பொறுத்தவரை சேகரிப்பு என்றால் எலும்பைக் காயவைத்து அலமாரியில் வைப்பது. பவள இனங்களை அடையாளம் காண்பதே எலும்பின் குழியையும் வரியையும் வைத்துத்தான். நிறம் கணக்கில் வராது. சாராயத்தில் போட்டாலும் போய்விடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையம் வந்தது. அங்கே வேலை பார்த்த சி.எஸ். கோபிநாத பிள்ளை 1960களில் தொடங்கி, இந்தப் பகுதியின் பவளங்களை இனம் இனமாகப் பதிவு செய்தார். தென்கிழக்கு இந்தியக் கரையில் 94 இனங்கள் என்று அவர் பட்டியல் 1983ல் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 என்கின்றன. நம் கடலில் என்ன இருந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறதென்றால் பெரும்பகுதி அவர் உழைப்பு.

அவர் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் பாறையை எண்ணிக்கொண்டிருந்தது, டன் கணக்கில். வள்ளத்தில் போய், கடப்பாரையால் நெம்பி, பாறையைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவருவார்கள். சூளையில் போட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பையும் கரியையும் சேர்த்து 2000 டிகிரி மின் உலையில் உருக்கினால் கால்சியம் கார்பைடு. கேஸ் வெல்டிங்குக்கும், மாங்காயை மஞ்சளாக்குகிற திருட்டு வேலைக்கும் போகிறதே, அந்தக் கார்பைடு கல். கட்டடத்துக்கும் ரோட்டுக்கும்கூடப் பவளக்கல் போனது. வருஷத்துக்குப் பல ஆயிரம் டன் என்று அந்தக் கால அறிக்கைகள் சொல்கின்றன.

என் தாத்தா கொத்தனார். கரிசல் பூமியில் அஸ்திவாரம் நிற்காது, மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். அந்த மண்ணில் வெடிக்காத சுவர் எழுப்புகிறவர் என்று பேர் வாங்கினவர். காட்டில் கிடைக்கும் சுக்காங்கல்லைச் சுட்டு எடுக்கிற சுண்ணாம்பு அடிப்பூச்சுக்கு. மேல்பூச்சுக்கு மட்டும் 'கடல் சுண்ணாம்புதான் வேணும்' என்பார். அது வழுவழுப்பாக, பால் மாதிரி வெள்ளையாக வரும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறதுக்கும் அதேதான். கடல் சுண்ணாம்பு என்றால் சிப்பியும் கிளிஞ்சலும் சுட்டது என்றே நான் நினைத்திருந்தேன். சிப்பிதான் அதிகமும். ஆனால் சூளைக்குச் சிப்பி என்ன, பவளம் என்ன, ரெண்டும் ஒரே கால்சியம் கார்பனேட். எந்த மூட்டையில் எது இருந்தது என்று தாத்தாவும் கேட்டிருக்க மாட்டார், விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார்.

பாறையை வெட்டினவர்களைத் திட்டுவது சுலபம். கூலிக்கு மூச்சடக்கி முங்கினவர்கள் அவர்கள். அந்த வெள்ளை எங்கே போனது என்று கேட்டால் பதில் கடற்கரையில் இல்லை. எங்களை மாதிரி உள்நாட்டு ஊர்களில், பொங்கலுக்கு அடித்த சுவரில் இருக்கிறது.

1986ல் தூத்துக்குடியில் இருந்து பாம்பன் வரை உள்ள 21 தீவுகளையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவானது. 1989ல் அதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001ல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. (தம்பி சார்ஜாவில் வளர்க்கிறானே, நாமும் ராமேஸ்வரத்தில் ஒரு கொம்பை எடுத்து வந்து வளர்ப்போம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். செத்த கல்லை எடுத்தாலும் குற்றம்.) இருந்தும் திருட்டு வெட்டு நடந்தது. 2004 சுனாமியில் தூத்துக்குடிக்குச் சேதம் குறைவு. இலங்கையின் மறைவு ஒரு காரணம், தீவும் பாறையும் அலையை வாங்கிக்கொண்டது இன்னொரு காரணம் என்று கடற்கரை மக்களே பேசினார்கள். அடுத்த வருஷத்தோடு வெட்டு ஏறக்குறைய நின்றது.

அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற ரெண்டு தீவுகள் தண்ணிக்குள் போய்விட்டன. காரியாச்சல்லி 1969ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது, 2024ல் சுமார் 3. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவும் கரைந்து ரெண்டு துண்டாகிற நிலைக்கு வந்தது. அதைச் சுற்றி 2015க்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேல் சிமெண்டுக் கூடுகளை இறக்கிச் செயற்கைப் பாறை போட்டிருக்கிறார்கள். பாறையை எடுத்துச் சிமெண்டும் சுண்ணாம்பும் ஆக்கினோம். இப்போது சிமெண்டைப் பாறையாக்கிக் கடலில் போடுகிறோம்.

கத்திரியும் ஆடிக்காற்றும்

வெட்டு நின்றது. நிறம் போவது நிற்கவில்லை.

1998ல் எல் நினோவின் சூட்டில் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தது. அந்த வருஷம் இந்தியாவின் மூன்று பவளப் பகுதிகளைப் பார்த்த ரோஹன் ஆர்தர், மன்னார் வளைகுடாவில் பவளப் பரப்பில் 89 சதவீதம் வெளுத்திருந்ததாகப் பதிவு செய்தார். லட்சத்தீவில் 82, கட்ச் வளைகுடாவில் 11. 2010ல் மறுபடி. 2016ல் மறுபடி. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் வருஷா வருஷம் முங்கிக் கணக்கெடுக்கிறார்கள். 2016 சூட்டுக்கு முன் 39 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு அதற்குப்பின் 23க்கு இறங்கியது என்பது அவர்கள் கணக்கு. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெரு வெளுப்பு நடக்கிறது என்று அமெரிக்கக் கடலாய்வு அமைப்பு அறிவித்தது.

இந்தக் கணக்குகளில் தேதிகளைக் கவனித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் கடலில் வெளுப்பு வருவது ஏப்ரல், மே, ஜூன். தண்ணி 30, 31 டிகிரியைத் தாண்டும்போது. அதாவது நமக்குக் கத்திரி வெயில் அடிக்கிற நேரம். கோவில்பட்டியில் நாம் தெருவில் நடக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்கும்போது அங்கே பவளம் குடித்தனக்காரனை வெளியே தள்ளுகிறது. அளவுக்கு மீறின சூட்டில் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, சர்க்கரைக்குப் பதில் விஷம் மாதிரியான ஆக்சிஜன் வகைகள் சுரக்கின்றன. வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து, அனுப்பினால் பட்டினி. பவளம் பட்டினியைத் தேர்ந்தெடுக்கிறது.

பட்டினி என்றால் சாவு இல்லை. இதுதான் முக்கியம். சில வாரம் தாங்கும். அதற்குள் தண்ணி குளிர்ந்தால், மிச்சம் மீதி இருக்கும் பாசி பெருகி, நிறம் திரும்பும். நம் பக்கத்தில் அந்தக் குளிர்ச்சியைக் கொண்டு வருவது தென்மேற்குப் பருவக் காற்று. கயத்தாறில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கரிசல் புழுதியை வாரி நம் கண்ணில் கொட்டுகிறதே, அதே ஆடிக்காற்று. 'பாழாப்போன காத்து' என்று அந்த மாதம் முழுக்கத் திட்டுவோம். அது நம்மைத் தாண்டிப் போய் வளைகுடாத் தண்ணியைக் கலக்கிக் குளிர வைக்கிறது. வெளுத்த பவளம் பல அதற்குப்பிறகு பிழைக்கிறது. காற்று பிந்தினாலோ சூடு முந்தினாலோ செத்துப்போகிறது.

தம்பிக்குச் சொன்னது

ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

"வெள்ளையா இருக்குல்ல, கிட்டப்போய் லைட் அடிச்சுப் பாரு. குழிக்குள்ள இருந்து சின்னச் சின்னக் கை மாதிரி எட்டிப் பாக்குதா?"

"பாக்குதுண்ணே. கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்ப உசுரு இருக்கு. பாசி போயிருச்சு, அவ்வளவுதான். மேல பச்சையா ரோமம் மாதிரிப் பாசி படர ஆரம்பிச்சாத்தான் செத்ததுன்னு அர்த்தம். தண்ணிய 26க்குக் கொண்டு வா. லைட்டக் குறை. தினம் கொஞ்சம் தீனி குடு. தொடாத, இடம் மாத்தாத."

"எத்தனை நாளுண்ணே?"

"கடலுக்கு ஆடி வரைக்கும் ஆகும். உனக்கு உன் ஏசிதான் ஆடிக்காத்து."

பிழைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. கொம்பின் அடிப்பகுதியில் ஒரு கால்வாசி செத்தே போனது, பச்சை ரோமம் வந்துவிட்டது. மிச்சம் ஆறாவது வாரத்தில் லேசாக மஞ்சள் தட்டியது. புரட்டாசியில் அனுப்பின போட்டோவில் முழுப் பழுப்பு. "பழையபடி அசிங்கமா ஆயிருச்சுண்ணே" என்று எழுதியிருந்தான். நான் பதிலுக்கு ஒரு கைகூப்பின பொம்மையை அனுப்பினேன்.

மாசியில் அவன் ஊருக்கு வந்தபோது ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசைக்குக் கூட்டிப் போனேன். அங்கே வனத்துறை ஏற்பாட்டில் உள்ளூர் ஆட்கள் கண்ணாடி பதித்த படகு விடுகிறார்கள். படகுத் தரையில் குனிந்து பார்த்தோம். மீன் கூட்டம் போனது. பிறகு பாறை வந்தது. சார்ஜா தொட்டியின் பச்சையும் ஊதாவும் எதிர்பார்த்தவன் ஏமாந்து போனான்.

"இதுவாண்ணே பவளம்? கம்பங்கூழ் கலர்ல இருக்கு."

ஆமாம், கம்பங்கூழ் கலர்தான். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் பச்சைச் சாயல், கொஞ்சம் மஞ்சள். மற்றபடி நல்ல பழுப்பு. வயிறு நிறைந்த பவளத்தின் நிறம் அது. நடுநடுவே பாசி மூடின சாம்பல் மேடுகளும் கிடந்தன, செத்துப்போனவை. படகுக்காரர் அண்ணாச்சி அவற்றைக் காட்டி, "இதெல்லாம் பதினாறாம் வருச வெயில்ல போனது" என்றார். அவருக்குக் கணக்கெடுப்பு அறிக்கை தேவைப்படவில்லை.

ஒரு இடத்தில் உருண்டையாக ஒரு பாறை, மேலெல்லாம் நட்சத்திரக் குழி. ஆச்சி காலைத் தேய்த்த கல்லின் அதே குழிகள். இது பழுப்பாக இருந்தது. படகு மெதுவாக அதைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்திரி முடிந்ததும் மறுபடி ஒரு தடவை போய் அதே உருண்டையைத் தேடிப் பார்க்கணும் என்று இருக்கிறேன். என்ன நிறத்தில் இருக்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.